கிளி வரைந்த கை
(ஓவியர் எட்வர்ட் லியர் வாழ்க்கை வரலாறு)



பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மாடும் கோழியும் வரைந்து வைத்திருந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? படம் கிறுக்கினா சோறு போடுமா என்று கேட்டுத் தலையில் ஒரு குட்டு வைக்கிறோம். கணக்கும் இலக்கணமும் அவசியந்தான், மறுப்பார் யாருமில்லை. ஆனால் படம் கிறுக்கியே பதினைந்து வயதில் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்ட ஒரு பிள்ளையின் கதையை இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். கண்பார்வை மங்கல். மார்பில் இழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுவயது முதலே காக்காய் வலிப்பு. இவ்வளவு குறைகளோடு பிறந்து வளர்ந்தவர், தம் 34-ஆம் வயதில் இங்கிலாந்து மகாராணிக்கே ஓவியம் கற்றுக் கொடுத்தார். தென் அமெரிக்கக் காட்டுக் கிளி ஒன்று இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அவர்தாம் எட்வர்ட் லியர்.

அக்காளே அம்மா

1812-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், லண்டனுக்கு வடக்கே ஹாலோவே என்னும் ஊரில் லியர் பிறந்தார். தகப்பனார் ஜெரமையா லியர் பங்கு வியாபாரம் செய்தவர். பெற்றவளுக்கு மொத்தம் இருபத்தொரு பிள்ளைகள். நம் எட்வர்ட் இருபதாவது! அவற்றுள் பல, குழந்தைப் பருவத்திலேயே இறந்து போயின.

எட்வர்டுக்கு நான்கு வயதாகும்போது தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப் போனது. குடும்பம் சிதறியது. தாயார் அந்தச் சின்னப் பையனை மூத்த மகள் ஆனிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனுக்கு அவனைவிட இருபத்தொரு வயது அதிகம். அன்று முதல் ஆன்தான் அவனுக்குத் தாய், ஆன்தான் அவனுக்கு ஆசிரியை. அந்த அம்மையார் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆனும், இன்னொரு தமக்கையான சாராவும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பூவையும் இலையையும் பறவையையும் பார்த்து வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பூவைக் கையில் எடுத்து, இதழ் எத்தனை, நரம்பு எப்படி ஓடுகிறது, நிறம் எங்கே வெளுக்கிறது என்று கவனித்து வரைவது அந்த வீட்டுப் பாடம். பிற்காலத்தில் உலகம் மெச்சிய அந்தக் கைக்கு அரிச்சுவடி அங்கேதான் தொடங்கியது.

ஐந்தாறு வயதிலேயே எட்வர்டுக்கு வலிப்பு வந்துவிட்டது. சில காலங்களில் நாள்தோறும் வருமாம். அந்தக் காலத்தில் வலிப்பை நோயாகப் பார்க்காமல், வெட்கக் கேடாகவே பார்த்தார்கள். இந்த நோய் அவரை என்ன பாடு படுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்பது காசுப் படம்

பதினைந்து, பதினாறு வயதில் எட்வர்ட் சம்பாதிக்கக் கிளம்பினார். சின்னச் சின்னப் படங்கள் வரைந்து ஒன்பது பென்னி முதல் நான்கு ஷில்லிங் வரை விற்றார். விசிறிக்கும் திரைச்சட்டத்துக்கும் வண்ணம் தீட்டினார். மருத்துவமனைகளுக்கும் வைத்தியர்களுக்கும் நோயாளிகளின் உடலில் உள்ள புண், கட்டி முதலியவற்றைப் பார்த்து வரைந்து கொடுத்தார். எத்தனையோ பேர் முகம் சுளிக்கும் வேலை! அவர் சுளிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்கிற பழக்கம் அந்த வேலையில் அவருக்கு உறுதிப்பட்டது.

1830-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், லண்டன் விலங்கியல் கழகத்தின் தோட்டத்தில் கிளிகளைப் பார்த்து வரைய அவருக்கு அனுமதி கிடைத்தது. அந்நாளில் பறவைப் படம் வரைகிறவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்த பறவையின் தோலில் பஞ்சடைத்து, அதை மேசைமேல் நிறுத்தி வைத்து வரைந்தார்கள். அதனால் படத்தில் இருக்கும் பறவை கட்டையாக நிற்கும். லியர் உயிருள்ள கிளியையே வரைந்தார். காவலாளி கிளியைப் பிடித்துக்கொள்ள, இவர் சிறகையும் காலையும் அளவெடுப்பார். கிளி கத்தும், கொத்த வரும். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் கிளியை விட்டுவிட்டு இவரைச் சுற்றி நின்று முறைப்பார்கள். அந்த ஜனங்களின் முகத்தையும் அதே தாளில் ஓரமாக வேடிக்கையாக வரைந்து வைத்திருக்கிறார், பாருங்கள்!

அப்படி வரைந்த படங்களை அவரே கல்லச்சில் ஏற்றினார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் படத்தை வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இடம் பிடிக்காது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே நீர்வண்ணம் தீட்ட வேண்டும்.

இப்படி 42 கிளிப் படங்கள். 1832 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அச்சிட்டவை 175 பிரதிகள் மட்டுமே. நம் பக்கத்து மொலுக்குத் தீவுகளைச் சேர்ந்த இளஞ்சிவப்புக் கொண்டைக் காக்காத்துவா, அமெரிக்கக் காடுகளின் செந்நிறப் பெருங்கிளி முதலியவை அதில் இறகு இறகாக உயிரோடு நிற்கின்றன. ஒரே பறவைக் குடும்பத்துக்கென்று இப்படித் தனி நூல் செய்வது அந்நாளில் இங்கிலாந்தில் புதுமை. செய்தவர் இருபது வயதுகூட ஆகாத, பள்ளி முடிக்காத பையன்! ஆனால் கையில் காசு மிஞ்சவில்லை. திட்டமிட்டது பதினான்கு பகுதி. பன்னிரண்டோடு செலவு தாங்காமல் நிறுத்த வேண்டியதாயிற்று.

பிரபுவின் விலங்குத் தோட்டம்

பணம் வராவிட்டாலும் பெயர் வந்தது. பறவை நூல்கள் வெளியிட்டு வந்த ஜான் கூல்டு என்பவர், இவரை ஐரோப்பியப் பறவைகள் நூலுக்குப் படம் வரைய அழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் டார்பிப் பிரபு ஆன ஸ்டான்லி பிரபு, லிவர்பூலுக்கு அருகே நவுஸ்லி மாளிகையில் உலகெங்கிலுமிருந்து விலங்குகளையும் பறவைகளையும் வரவழைத்து வளர்த்து வந்தார். மான், குரங்கு, ஆமை, கொக்கு என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை வரைய லியரை அமர்த்தினார்.

ஆறு ஆண்டுகள்போல் லியர் அங்கே போய் வந்து வேலை செய்தார். மாளிகைக் குழந்தைகளுக்கு இவர் என்றால் உயிர். அவர்களைச் சிரிக்க வைப்பதற்காக அர்த்தமில்லாத வேடிக்கைப் பாட்டுகளைக் கட்டி, அதற்குக் கோணல்மாணல் படமும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பாட்டுகள் 1846-இல் புத்தகமாக வந்தன. இன்றைக்கும் ஆங்கிலம் பேசும் வீடுகளில் குழந்தைகள் அவற்றைப் படித்துச் சிரிக்கிறார்கள். பலருக்கு லியரைப் பாட்டுக்காரராகத்தான் தெரியும். அவரோ தம்மை ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார்.

இறகையும் ரோமத்தையும் கூர்ந்து கூர்ந்து வரைந்ததில் மங்கலாயிருந்த கண் மேலும் மங்கியது. இங்கிலாந்தின் ஈரக் குளிர் மார்பைப் பிடித்தது. இனிச் சிறு பறவைகளை வரைய முடியாது என்றாகிவிட்டது. இருபத்தைந்து வயதில் தொழில் போய்விட்டது! வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவர், கிட்டத்தில் பார்க்க முடியாவிட்டால் எட்டத்தில் பார்ப்போம் என்று மலையையும் கடலையும் வரையத் தொடங்கினார். 1837-இல் பிரபுவின் குடும்பத்தார் உதவியோடு இத்தாலி நாட்டின் ரோம் நகருக்குப் போனார். அதன் பிறகு வாழ்நாளின் பெரும்பகுதி வெளிநாட்டில்தான்.

அரசிக்கு ஆசிரியர், 37 வயதில் மாணவர்

இத்தாலியின் ஊர்களையும் மலைகளையும் வரைந்து 1846-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது விக்டோரியா மகாராணியின் கண்ணில் பட்டது. உடனே அழைப்பு வந்தது. அந்தக் கோடையில் மகாராணிக்கு லியர் பன்னிரண்டு பாடங்கள் நடத்தினார். அரண்மனையில் இவர் கணப்பு அருகே போய் முதுகைக் காய்ச்சிக்கொண்டு நிற்பாராம். அது அரண்மனை மரியாதைக்கு ஒத்துவராது. அங்கிருந்த அதிகாரி, அந்தப் பக்கம் ஒரு படம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நயமாக இழுத்துக்கொண்டு போவாராம். இவர் திரும்பவும் கணப்புக்கே வந்துவிடுவாராம்! இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

அரசிக்கே ஆசிரியராகிவிட்டோம், இனிக் கற்க என்ன இருக்கிறது என்று அவர் நினைக்கவில்லை. முறையாகப் படிக்கவில்லையே என்கிற குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. 1850-இல், தம் முப்பத்தேழாம் வயதில், லண்டன் ராயல் அகாடமிப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தம் வயதில் பாதி வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். பிறகு ஹோல்மன் ஹன்ட் என்ற ஓவியரிடம் எண்ணெய் வண்ணம் கற்றார். ஹன்ட் இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவரோ அவரை அப்பா என்றுதான் விளையாட்டாக அழைத்து வந்தார். மாணவர்களே, இரவுப் பள்ளிக்குப் போக வெட்கப்படும் பெரியவர்களே, இதை நினைவில் வையுங்கள்.

கால் போன தேசமெல்லாம்

கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று லியர் அலையாத இடமில்லை. 1848-இல் அல்பேனியாவில் சில ஊர்களில் இவர் படம் எழுதுவதைப் பார்த்த ஜனங்கள் சைத்தான் வந்துவிட்டான் என்று கூச்சலிட்டுக் கல்லெறிந்தார்கள். கல் விழுந்தாலும் பென்சில் நிற்கவில்லை.

அவர் வேலை செய்யும் முறை இது. விடியுமுன் கிளம்புவார். இடத்தைக் கண்டதும் பென்சிலால் வேகமாகக் கோடு போடுவார். இங்கே நீலம், இங்கே சாம்பல், இங்கே பாறை என்று படத்துக்குள்ளேயே குறிப்பு எழுதுவார். ஊர் பெயர், தேதி, மணி எல்லாம் மூலையில் இருக்கும். பிறகு மாலையிலோ மழைக் காலத்திலோ அறைக்குள் அமர்ந்து, கோட்டின்மேல் மையால் எழுதி, நீர்வண்ணம் பூசுவார். இப்படி வாழ்நாளில் சுமார் பத்தாயிரம் படங்கள் வரைந்தார் என்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் பணக் கஷ்டம் தீரவில்லை. 1860-களில் ஒரே மூச்சில் அறுபது நீர்வண்ணப் படங்களைச் செய்யும் முறையைக் கண்டார். அறுபது தாளிலும் முதலில் கோடு. பிறகு அறுபதிலும் ஒரு வண்ணம், அடுத்து இன்னொரு வண்ணம். பால்மரம் சீவுகிறவர் நிரையில் மரத்துக்கு மரம் போவாரே, அதைப்போல இவர் தாளுக்குத் தாள் போவார். கலைஞன் என்றால் மனசு வந்தபோது வேலை செய்கிறவன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவரும் நம்மைப் போல நாள் தவறாமல் வேலைக்குப் போனவர்தான்.

1856 முதல் ஜார்ஜியோ என்ற கிரேக்கத் தொழிலாளி இவருக்குச் சமையலும் துணையுமாக வந்து சேர்ந்தார். லியர் அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். இருபத்தேழு ஆண்டுகள், 1883-இல் ஜார்ஜியோ இறக்கும்வரை, இருவரும் பிரியவில்லை.

தமிழ் மண்ணில் லியர்

லியருக்கு வயது அறுபத்தொன்று. அப்போது இந்தியாவின் ராஜப் பிரதிநிதியாக இருந்த நார்த்புரூக் பிரபு இவருடைய நண்பர். அவர் அழைக்க, 1873 நவம்பரில் லியர் ஜார்ஜியோவோடு பம்பாயில் இறங்கினார். அடுத்த ஜனவரியில் டார்ஜிலிங்கில் நின்று கஞ்சன்ஜங்கா சிகரத்தை வரைந்தார். பிறகு தெற்கே வந்தார்.

1874-இல் சென்னை, மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நீலகிரி என்று நம் முன்னோர் நாட்டை அந்தக் கிழவர் சுற்றினார். கடற்கரைப் பாறைக் கோயில்களையும் மலைக்கோட்டையையும் பெரிய கோயிலையும் பென்சிலில் பிடித்தார். நம் தாத்தா பாட்டிகள் பலரின் முன்னோர்கள் அந்த ஊர்ப் பக்கங்களிலிருந்துதான் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் காலத்தில் அந்த மண் எப்படி இருந்தது, பனை எங்கே நின்றது, கோபுரம் எப்படித் தெரிந்தது என்பதைக் காட்டும் சாட்சிகளில் லியரின் நீர்வண்ணப் படங்களும் சேர்கின்றன. அங்கிருந்து இலங்கைக்கும் போனார். அங்கே ஜார்ஜியோ சீதபேதியால் மரணத்தின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார். 1875 ஜனவரியில் ஊர் திரும்பும்போது லியரிடம் 560 படங்களும் ஒன்பது சிறு வரைபட நோட்டுகளும் இருந்தன.

மறைத்து வைத்த நோய்

இனி, முன்பு சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன்.

இத்தனை ஊர் சுற்றியவர், இத்தனை நண்பர்களைப் பெற்றவர், தமக்கு வலிப்பு உண்டு என்பதைக் கிட்டத்தட்ட எவருக்கும் சொல்லவில்லை. வலிப்பு வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சட்டென்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் பார்க்காமல் தனியாகத் துடித்து எழுவார். அன்றைய நாட்குறிப்பில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு வைப்பார். அந்தக் குறிகளுக்கு அர்த்தம் பிறருக்கு வெகுகாலம் தெரியவில்லை.

அவர் மணந்துகொள்ளவில்லை. ஒரு பெண்மணியைக் கேட்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் யோசித்தும் வாய் திறந்து கேட்கவில்லை. இந்த நோயின் வெட்கமும் அதற்கொரு காரணம் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உலகத்தைச் சிரிக்க வைத்தவர் அறைக்குள் தனியாக அழுதார். அவருடைய ரகசியம் அறிந்து, அதனால் அவரை ஒதுக்காமல் அணைத்துக்கொண்டவர் அக்காள் ஆன். போன ஊரிலிருந்தெல்லாம் ஆனுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதினார். 1861-இல் ஆன் இறந்தபோது நாற்பத்தெட்டு வயது லியர் குழந்தைபோல் தவித்தார்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும். நம் தோட்டங்களிலும் வலிப்பு வரும் பிள்ளைகள் உண்டு. பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடுகிறோம். நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடும் என்று பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைக்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். லியர் காலத்தில் இதற்குச் சரியான மருந்து இல்லை. இன்று இருக்கிறது. இது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. பேயுமில்லை, சாபமுமில்லை, தொற்றுவதுமில்லை. முறையாக மருந்து சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மறைக்க வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். லியரைப்போல் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தனியே துடிக்க வேண்டிய காலம் போய்விட்டது.

பெயர் நின்ற கிளி

கடைசிக் காலத்தில் லியர் இத்தாலியின் சான் ரெமோ என்னும் கடற்கரை ஊரில் வீடு கட்டிக்கொண்டு, ஃபாஸ் என்ற பூனையோடு வாழ்ந்தார். எதிரே பெரிய ஓட்டல் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட, எழுபதை நெருங்கும் வயதில் இன்னொரு வீடு கட்டி மாறினார். ஓவியருக்கு வெளிச்சந்தானே மூலதனம்! 1888 ஜனவரி 29-ஆம் நாள், எழுபத்தைந்து வயதில் மறைந்தார். நெடுநாள் நண்பர்கள் எவரும் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. அவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஜார்ஜியோவுக்கும் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. எஜமானும் வேலையாளும் அங்கே சரிநிகராக நிற்கிறார்கள்.

அவர் கதை அதோடு முடியவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவர் வரைந்த கிளிகளில் ஒரு நீலப் பெருங்கிளி இருந்தது. அதை வேறொரு இனம் என்றே அவர் நினைத்திருந்தார். அது தனி இனம் என்று 1856-இல் போனபார்ட் என்ற பறவையியல் அறிஞர் அறிவித்து, அதற்கு லியர் பெயரையே வைத்தார். ஆனால் அந்தக் கிளி எந்தக் காட்டில் வாழ்கிறது என்று நூறாண்டுக்கு மேலாக எவருக்கும் தெரியவில்லை. 1978-இல் ஹெல்முட் சிக் என்ற அறிஞர், பிரேசில் நாட்டு பாயியா மாநிலத்தின் வறண்ட பாறை நிலத்தில் அதைக் கண்டுபிடித்தார். ஒருவகைப் பனையின் காயைத் தின்று அந்தக் கிளிகள் உயிர் வாழ்கின்றன. பாதுகாப்பு கிடைத்தபின் அவற்றின் தொகை பெருகியிருக்கிறது. பள்ளி முடிக்காத ஒரு பையன் உள்ளதை உள்ளபடி வரைந்து வைத்ததால் வந்த புகழ் அது.

மாணவச் செல்வங்களே, நம் தோட்டத்திலும் மீன்கொத்தி இருக்கிறது, மைனா இருக்கிறது, செம்பனை நிரைகளுக்கு நடுவே மூடுபனி இறங்குகிறது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரப்படாமல் பாருங்கள். பார்த்ததை மட்டும் வரையுங்கள்.

பெற்றோர்களே, வரைகிற பிள்ளைக்கு ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டுவோம். அதோடு, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிச் சீவி முடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிறார்களே அக்காமார்கள், அவர்களுக்கும் ஒருமுறை கைதட்டுங்கள். லியருக்குப் பின்னால் ஓர் ஆன் இருந்தாள். நம் பிள்ளைகளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.